வேட்டித் துண்டுகள்

ஜூன் 9, திங்கள்

இன்று மறுபடியும் கடைக்குப் போனேன். பிள்ளை பெற்று நாலரை மாதம் நைட்டியோடு கிடந்த பிறகு புடவை கட்டி, பூ வைத்து, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு காஞ்சிபுரம் போவது சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக் காட்டி விற்பதில் அந்தக் கடையில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எங்கள் ஐயம்பேட்டை எல்லையைத் தாண்டுவதற்குள் மார்பு கனக்க ஆரம்பித்துவிட்டது.

சிட்டுவை மகாவிடம் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளைக்குச் சஷ்விகா என்று இவர் பெயர் வைத்தார். இவரே அப்படிக் கூப்பிடுவதில்லை. மகா என் ஓரகத்தி, கொழுந்தன் சிவராஜின் மனைவி. அவளாகத்தான் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்க்கா. எனக்கு மட்டும் இன்னா வேல இருக்குது?" அதைக் கேட்டு வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏப்ரலில் அவளுக்குப் பிறந்த பையன் ஒரு நாள்தான் இருந்தான். அதற்கு முன் நானும் அவளும் ஒரே வீட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அந்த மாதம் முழுக்க நான் சிட்டுவுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். அது அவளுக்கு இன்னும் வலித்திருக்குமோ?

பம்ப்பில் எடுத்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, சுடுதண்ணீரில் டப்பாவை வைத்துச் சூடாக்கணும், அடுப்பில் வைக்கக் கூடாது, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டணும் என்று பாடம் எடுத்துவிட்டுப் போனேன். தலையை ஆட்டினாள்.

பால் கசிந்தால் உறிஞ்ச ஜாக்கெட்டுக்குள் வைப்பதற்கு இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். கடையில் விற்பது எனக்கு அரிக்கிறது. மத்தியானத்துக்குள் துண்டு இரண்டும் பிழியும்படி ஆகிவிட்டன.

ஜூன் 11, புதன்

பால் எடுக்க இடம் கிடைத்துவிட்டது. மாடியில் புடவை அட்டைப்பெட்டி அடுக்குகிற குடோன். தாழ்ப்பாள் கிடையாது. எஸ்தர் அக்கா வாசலில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்கிறார். கடையில் என் சீனியர் அவர்தான். யாராவது வந்தால், "உள்ள ஸ்டாக் எடுத்துக்கினு இருக்குறாங்க, அப்புறம் வா" என்று விரட்டுகிறார். ஸ்டாக்காம்! சிரிப்பை அடக்கினால் பால் நின்றுவிடுகிறது, சிரித்தால் டப்பா ஆடுகிறது.

எடுத்த டப்பாவை மஞ்சப்பையில் சுற்றி, கஸ்டமருக்கு வைத்திருக்கிற கூல்டிரிங்க்ஸுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் ஒளித்து வைக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க்கில். இன்றைக்கு எடுப்பது நாளைக்கு அவளுக்கு.

ஜூன் 14, சனி

டப்பா தினமும் காலியாகிறது. மகா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். "நல்லாக் குடிச்சாளா?" என்றால், "நல்லா இருந்தாக்கா" என்கிறாள். நிம்மதி.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் சிட்டு என் வாசனை பிடித்துத் திரும்புவாள். குடிக்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம் — இடது கையால் என் தாலிச் சரட்டைத் தேடிப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சரடு கிடைக்காவிட்டால் குடிக்க மாட்டாள். கழுத்தில் கோடு விழுந்திருக்கிறது. இழுக்கட்டும். நாள் முழுக்க நின்ற கால்வலி அந்த இழுப்பில் போய்விடுகிறது.

இவரும் சிவராஜும் முன்கட்டில் ஆளுக்கொரு தறியில். தறிச் சத்தம் நின்றால்தான் பிள்ளை விழிக்கிறாள்.

ஜூன் 28, சனி

எழுதவே கூசுகிறது.

வேலூரிலிருந்து கல்யாணப் பார்ட்டி. பெண், பெண்ணின் அம்மா, அத்தைமார், கூட ஒரு கைக்குழந்தை. சந்தன நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட முகூர்த்தப் புடவை. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "இப்படிப் போட்டா எப்படி இருக்குதுன்னு பாருங்கம்மா" என்று நான் தோளில் போட்டு, மார்பில் மடிப்பு வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. சிட்டு அழுகிற மாதிரியே. எனக்குச் சுரீர் என்றது. இரண்டு பக்கமும் பால் இறங்கிவிட்டது. துண்டு, ஜாக்கெட், என் புடவை எல்லாம் தாண்டி அந்தச் சந்தன நிறத்தில் பூவரச இலை அளவுக்கு ஈரம்.

"ஐயய்யே, இன்னாம்மா இது ஈரம்?" என்றாள் ஒரு அத்தை. பெண்ணின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பாவம், பச்ச ஒடம்புக்காரி" என்றாள். ஆனாலும் அந்தப் புடவை வேண்டாம் என்று வேறு எடுத்துக்கொண்டார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

சூப்பர்வைசர் ஆனந்தகுமார் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வீட்லயே இருந்திருக்கலாமேம்மா" என்றார், எல்லார் முன்னாலும்.

ஜூன் 30, திங்கள்

என்னை மாடியில் மடிப்பு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கீழே பிரித்துப் போட்ட புடவைகளை மேலே உட்கார்ந்து மடித்து அடுக்குவது. கஸ்டமர் கண்ணில் படக் கூடாது.

போகட்டும். குடோன் பக்கத்திலேயே இருக்கிறது. கூட ஒரு தடவை பால் எடுக்கலாம். பிள்ளைக்குத்தானே எல்லாம்.

ஜூலை 4, வெள்ளி

சிட்டு இரண்டு நாளாக என்னிடம் சரியாகக் குடிக்கவில்லை. வாய் வைக்கிறாள், இரண்டு இழுப்பு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பசி இல்லையோ? "சாயங்காலந்தாம்மா குடிச்சா, வயிறு ரொம்பி இருக்கும்" என்கிறார் இவர். டப்பாவில் நான் வைத்துவிட்டுப் போகிற அளவு எனக்குத் தெரியாதா? அதுக்கு இப்படி வயிறு நிரம்பாதே.

இளைக்கவும் இல்லை. கன்னம் புஸ்ஸென்றுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் என்னை வேண்டாம் என்கிறாள்? கோபமா? விட்டுவிட்டுப் போகிறேன் என்றா? இத்தனூண்டு பிள்ளைக்கு அவ்வளவு தெரியுமா?

ஜூலை 7, திங்கள்

இடது மார்பு கல்லாகிவிட்டது. பிள்ளை குடிக்காத பால் கட்டிக்கொண்டது. பம்ப்பு வைத்தால் உயிர் போகிறது. எஸ்தர் அக்கா வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்தார். "லீவு போடுடி" என்கிறார். ஏற்கெனவே மாடிக்கு ஏற்றியவர்கள் அப்படியே வாசலுக்கு இறக்கிவிட்டால்?

ஜூலை 9, புதன்

உடம்பு கொதிக்கிறது. ஜுரமா கோபமா தெரியவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானமே குளிர் ஜுரம் அடித்துவிட்டது. எஸ்தர் அக்காதான் சார்கிட்டே சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தேன். முன்கட்டில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வந்ததை அண்ணன் தம்பி இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பின்னால் சமையலறைக்குப் போனேன்.

மகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிட்டு அவள் மடியில். அவளிடம் குடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து மகா அசையவில்லை. நானும் அசையவில்லை. சிட்டுவின் இடது கை மகாவின் தாலிச் சரட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குடிச்சா குடிச்சுட்டுப் போகுது. அந்தக் கை —

பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டது. வாயிலிருந்து பால் வழிந்தது. என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். "உன் புள்ள போச்சுன்னா, அதுக்கு என் புள்ளயா கெடச்சுது உனக்கு?" என்றேன். சொன்னேன். திருப்பி எடுக்க முடியாது.

தறி இரண்டும் நின்றுவிட்டன.

ஜூலை 10, வியாழன்

ஜுரம் குறையவில்லை. மகா கதவுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே வரவில்லை.

"மொதல் நாள் பாலாடையில வாயே வெக்கலக்கா. துப்பித் துப்பி விட்டா. மத்தியானம் வரைக்கும் அழுதுகினே இருந்தா, நீலம் பூத்துருச்சு மூஞ்சி. எனக்கு ஊறிருச்சு. நனஞ்சிருச்சு எல்லாம். நான் இன்னாக்கா பண்றது?"

பால் வற்ற ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அவள் முழுங்கவே இல்லையாம். ஏப்ரலில் இருந்து பீய்ச்சிப் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறாள். "அதுவும் வத்திப்போச்சுன்னா அவன் பொறந்ததுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லியேக்கா."

அப்புறம் கேட்டேன், நான் எடுத்துக்கொண்டு வந்த பால் எங்கே என்று.

"கொய்யா மரத்துக்கு ஊத்தினேன். என்னுதும் அங்கதான் ஊத்துவேன். எறும்பு ஏறாத, கால் படாத எடமாப் பாத்துத்தான்க்கா ஊத்தினேன். ஒரு சொட்டுகூட மிதிபடல."

மார்பில் எடுத்த பால் மிதிபட்டால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். எனக்கு வற்றக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறாள். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நான் சேர்த்தது அத்தனையும் கொய்யா மரம் குடித்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா?

இவர் வந்து, "சின்னம்மா முறைதானே, குடுத்தா இன்னா இப்போ?" என்றார். "அப்ப நீங்க குடுங்க" என்றேன். போய்விட்டார்.

ஜூலை 12, சனி

மகா வாலாஜாபாத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. சிவராஜ் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் சிட்டு தூங்குகிற தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஏதாவது சொல்வேன் என்று பயமோ என்னவோ.

பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "ஆடி பொறக்கப் போவுதில்ல, அழைச்சுக்கினு போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆனவளை எவன் ஆடிக்கு அழைப்பான்? அவர்களுக்கும் தெரியும்.

ஜூலை 14, திங்கள்

சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மா இடது பக்கம் கீறி எடுத்தார். பத்து நாள் லீவு. "இந்தப் பக்கம் இனிமே கஷ்டம்தாம்மா. அந்தப் பக்கம் விடாம குடுங்க, குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்" என்றார்.

குடிக்கத்தானே மாட்டேன் என்கிறது!

ஜூலை 17, வியாழன்

நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறேன். மார்போடு மார்பாகப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். வாய் வைக்கிறாள். உடனே வராததால் உதறிக்கொண்டு அழுகிறாள். அவள் அழ அழ எனக்குப் பதட்டம், பதட்டத்தில் இருக்கிறதும் வரவில்லை. பாலாடையைத் தட்டிவிடுகிறாள். பவுடர் பால் கொடுத்துப் பார்த்தோம். வாந்தி, வயிற்றுப்போக்கு.

"நீ வேலய வுட்டுடு" என்கிறார் இவர். வேலையை விட்டால் பால் திரும்பி வந்துவிடுமா? வீட்டில்தானே இருக்கிறேன் இப்போது? யார்கிட்ட சொல்லி அழுவேன்.

சிவராஜ் தறியில் உட்கார்ந்து, ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். பிள்ளை அழும்போது எழுந்து வெளியே போய்விடுகிறான்.

ஜூலை 21, திங்கள்

சுகாதார நிலையத்தில் எடை போட்டார்கள். நர்சம்மா அட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "போன தடவ நல்லாத்தானே ஏறி இருந்துச்சு. இப்போ ஏம்மா இப்படி எறங்கிச்சு? எது ஏத்துக்குதோ அதைக் குடும்மா, நிறுத்தாத" என்றார்.

போன தடவை ஏறியிருந்தது. ஆமாம். ஏறியிருந்தது.

கன்னம் ஒட்டிவிட்டது. அழுகிற சத்தம்கூடப் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் முன்பு ஊரைக் கூட்டினாளே, அந்த அழுகை எவ்வளவோ தேவலை.

எனக்கு யார்மேல் கோபம்? மகா என் பிள்ளையைத் திருடினாளா? பட்டினி போடாமல் வைத்திருந்தாளா? இரண்டும் உண்மையாக இருந்தால் நான் என்ன செய்ய?

ஜூலை 22, செவ்வாய்

காலையில் சிட்டுவைத் துப்பட்டியில் சுற்றிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு அம்மாள், "ஏம்மா, புள்ளைக்குப் பால் குடேன்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

மகாவின் அம்மாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் கதவை விட்டு ஒதுங்கி நின்றார். மகா உள்ளேயிருந்து வந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிய விதம் — கை இரண்டும் தானாக எழுந்தன, எழுந்ததைக் கீழே இறக்கிக்கொண்டாள். ஜாக்கெட் அதற்குள் நனைய ஆரம்பித்துவிட்டது.

எத்தனையோ பேச வேண்டும் என்று பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு, அப்புறம் சில கண்டிஷன். ஒன்றும் வரவில்லை. "பசிக்குதுடி அவளுக்கு. எடுத்துக்கோ" என்றேன்.

வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சிட்டு மோந்து பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கூட விடாமல் இழுத்தாள். இடது கை துழாவியது. மகா சட்டென்று தாலிச் சரட்டை ஜாக்கெட்டுக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள். எனக்காகத்தான் மறைத்தாள். கை காற்றில் துழாவிக்கொண்டே இருந்தது. குடிப்பதை விட்டுவிட்டு அழப்போனாள்.

"வெளிய எடுத்துவுடு. அது இல்லாம குடிக்க மாட்டா" என்றேன்.

பின்னால் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். மகாவின் அம்மா வந்து முந்தானையை நீட்டினார். "தொடைச்சிக்கம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

மகா, நான், சிட்டு மூவரும் மத்தியான பஸ்ஸில் ஐயம்பேட்டைக்கு வந்தோம்.

ஜூலை 30, புதன்

கடைக்குப் போகிறேன். பகலெல்லாம் மகாவிடம். ராத்திரி வந்ததும் என்னிடம் — அப்படி என்று பேச்சு. வலது பக்கம் கொஞ்சம் குடிக்கிறாள். பாதியில் கண் மகாவைத் தேடுகிறது. மகா வேண்டுமென்றே முன்கட்டுக்குப் போய்விடுகிறாள். தறியில் நூல் பிணைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு நிற்கிறாள், எனக்குத் தெரியாதா!

குடோனில் பம்ப்பு வைத்தேன். டப்பாவின் அடிதான் நனைந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். குடோனுக்குப் போகவே இல்லை. சாயங்காலம்தான் நினைப்பு வந்தது, போகவில்லையே என்று. வலிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று சிட்டு என் மார்பில் வாயை வைத்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், கடித்து விளையாடினாள். பசிக்கு அல்ல. அம்மா வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்துக்கு. சரி, அதாவது இருக்கிறதே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்த நாள். கீழே ஆள் போதவில்லை. ஆனந்தகுமார் சார் மாடிக்கு வந்தார். "சங்கரி, கீழ வாம்மா. இப்போ... ஒண்ணும் பிரச்சன இல்லியே?" என்றார். "இல்ல சார்" என்றேன்.

ஆரணிப் பக்கம் இருந்து வந்த பார்ட்டி. மயில்கழுத்து நிறத்தைத் தோளில் போட்டு மடிப்பு வைத்தேன். அப்போது யாரோ கொண்டுவந்த கைக்குழந்தை அழுதது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாகப் போய்ப் புடவையை மார்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டது. எதிர்க் கவுண்டரில் இருந்து எஸ்தர் அக்காவும் பார்த்துவிட்டார்.

ஒன்றும் இல்லை. சுரீர் என்றுகூட வரவில்லை. குழந்தை பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது. நான் புடவையை மறுபடி மார்போடு சேர்த்து வைத்து, "பார்டர் எடுப்பா இருக்குது பாருங்கம்மா" என்றேன். அதையே எடுத்துக்கொண்டார்கள். சார் தலையை ஆட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் டப்பாவில் இருந்த மீன் துண்டை என் சோற்றில் வைத்தார். வெள்ளிக்கிழமை மீன் தொட மாட்டேன் என்பது அவருக்கு மறந்துவிட்டது. சாப்பிட்டேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்தபோது மகா சிட்டுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஜாக்கெட்டு இரண்டு பக்கமும் ஊறி, முந்தானை வரைக்கும் ஈரம். கைக்குட்டையைச் செருகி வைத்திருக்கிறாள், அது என்னத்துக்குக் காணும்? பீரோவைத் திறந்தேன். துவைத்து, மடித்து வைத்திருந்த வேட்டித் துண்டுகள் அத்தனையும் ஒரு கட்டாக அப்படியே இருந்தன. எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"உனக்கு வேணாமாக்கா?" என்றாள்.

"எனக்கு வேற இருக்குது" என்றேன்.